இரத்த அழுத்தத்தின் வரலாறு – பகுதி 9: மூளை சுரக்கும் ஹார்மோன்களும் மூளையைத் தொடும் ஹார்மோன்களும்

உயர் இரத்த அழுத்தம் எதனால் தோன்றுகிறது என்ற கேள்விக்கு 1934-ஆம் ஆண்டில் இரண்டு விடைகள், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி, அமெரிக்காவிலிருந்து வெளிவந்தன. கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைச் சிறு கவ்வியால் நெரித்து நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டியது சென்ற பகுதியில் விரிவாகக் கூறப்பட்டது. அதே ஆண்டில், நவீன நரம்பு அறுவை மருத்துவத்தை நிலைநிறுத்தியவராகிய ஹார்வி குஷிங், கர்ப்பகால வலிப்பு நோய்க்கும் காரணம் புலப்படாத உயர் அழுத்தத்துக்கும் வேர், மூளையின் அடிப்பகுதியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடல் அளவுக்கு மீறித் தூண்டப்படுவதில்தான் இருக்கிறது என்று வாதிடும் ஆய்வுரையை வெளியிட்டார். கோல்ட்பிளாட்டின் விடை சோதனைச் சாலைகள்தோறும் மீண்டும் செய்து பார்க்கப்பட்டு உறுதி பெற்றது. குஷிங்கின் விடையோ சில ஆண்டுகளிலேயே மறுக்கப்பட்டு மறக்கப்பட்டது. சிறுநீரகம் பெற்ற அவ்வெற்றியின் வெளிச்சத்தில், ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம், மூளையின் ஹார்மோன்களை உயர் அழுத்தத்தோடு சேர்த்துப் பேசுவோர் மிகக் குறைந்துபோயினர். பின்னர் அவை மீண்டும் ஆய்வின் நடுவே வந்தபோது வந்த வழி குஷிங் காட்டிய வழி அன்று. சிறுநீரகத்தைப் பின்தொடர்ந்து சென்றவர்களே, தாம் எதிர்பாராத வகையில், மூளையை வந்தடைந்தனர்.

ஓர் உறுப்பில் சுரந்து, இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள மற்றோர் உறுப்பின் செயலை மாற்றும் வேதிப்பொருளே ஹார்மோன் எனப்படுகிறது. அப்பெயரை 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழக்கத்துக்குக் கொண்டுவருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, மூளையோடு ஒட்டிய சுரப்பி ஒன்றின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பது கண்டறியப்பட்டுவிட்டது. அட்ரீனல் சுரப்பியின் சாற்றுக்கு அத்தகைய ஆற்றல் உண்டு என்பதை நிறுவியிருந்த ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்டு ஷேஃபரும், லண்டனில் தாம் நடத்திய ஆய்வைப் பிற சுரப்பிகளுக்கும் விரித்து, பிட்யூட்டரியின் சாற்றை விலங்குகளின் சிரைக்குள் செலுத்தினால் அழுத்தம் ஏறுகிறது என்று 1895-இல் அறிவித்தனர். பட்டாணி அளவே உள்ள இச்சுரப்பி இரு வேறு மடல்களால் ஆனது: முன்மடல் உண்மையான சுரப்பித் திசு, பின்மடலோ மூளையின் கீழ்ப்பகுதியாகிய ஹைப்போதலாமஸிலிருந்து காம்பு போல் இறங்கி நீளும் நரம்புத் திசு. 1898-இல் பால்டிமோரில் வில்லியம் ஹோவெல் இரு மடல்களையும் பிரித்துச் சோதித்து, அழுத்தத்தை ஏற்றும் ஆற்றல் பின்மடலுக்கே உரியது, முன்மடலுக்கு இல்லை என்று காட்டினார். பின்மடல் மூளையின் நீட்சியே என்பதால், அழுத்தத்தை உயர்த்தும் ஒரு பொருளை மூளையே தன் கையில் வைத்திருக்கிறது என்பதற்கு முதற்சான்று அன்றே கிடைத்துவிட்டது. ஆனால் அதன் முழுப்பொருளையும் அக்காலத்தவர் உணர்வதற்கு வழியில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளில் பின்மடலின் சாறு மருத்துவர்களின் கைகளில் பல பணிகளுக்குப் பயன்பட்டது. அது கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பதை 1906-இல் ஹென்றி டேல் கண்டார். அளவின்றிச் சிறுநீர் போகும் நோயாகிய டயாபடீஸ் இன்சிபிடஸைப் பின்மடல் சாறு அடக்குகிறது என்பதை 1913-இல் ஜெர்மனியில் வான் டென் வெல்டனும் இத்தாலியில் ஃபரீனியும் தனித்தனியே கண்டனர். 1928-இல் டெட்ராய்ட்டில் ஆலிவர் காமும் அவருடைய குழுவினரும் அச்சாற்றை இரு கூறுகளாகப் பிரித்தனர்; கருப்பையைச் சுருக்கும் கூறு ஆக்சிடோசின் என்றும், அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரைக் குறைக்கும் கூறு வாசோபிரசின் என்றும் அறியப்படலாயின. நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் வின்சென்ட் டு விக்னோ 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் இவ்விரண்டின் கட்டமைப்பையும் வெளிப்படுத்திச் சோதனைக் குழாயிலேயே அவற்றைத் தொகுத்துக் காட்டியபோது, இரண்டும் ஒன்பது அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதத் துண்டுகள், அதாவது பெப்டைடுகள், என்பதும், இரண்டே அமினோ அமிலங்களில் மட்டும் அவை வேறுபடுகின்றன என்பதும் தெரியவந்தன. 1955-இன் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

குஷிங்கின் 1934-ஆம் ஆண்டு வாதம் இந்த நீண்ட வரிசையின் நடுவே எழுந்தது. இரத்த அழுத்தத்தின் வரலாற்றில் குஷிங்கின் இடம் வெறும் தவறான கருத்தொன்றை முன்வைத்தவரின் இடமன்று. மண்டையோட்டுக்குள் அழுத்தம் மிகும்போது மூளை தன் இரத்த ஓட்டத்தைக் காத்துக்கொள்ள உடலெங்கும் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் விலங்குகளில் காட்டியவர் அவர். இத்தாலியின் பாவியா நகரில் தாம் கண்ட ரிவா-ரோச்சியின் அழுத்தமானியை 1901-இல் அமெரிக்க மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1932-இல் அவர் விவரித்த நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உடலின் நடுப்பகுதி பருத்து, கைகால்கள் மெலிந்து, வயிற்றுத் தோலில் ஊதா நிறக் கோடுகள் படிந்து, இரத்த அழுத்தம் மிகுந்து காணப்படும் நோயாளிகளின் பிட்யூட்டரி முன்மடலில், காரச் சாயத்தை ஏற்கும் செல்களால் ஆன சிறு கட்டிகள் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அக்கட்டி அளவுக்கு மீறிச் சுரக்கும் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் அட்ரீனல் சுரப்பியின் புறணியைத் தூண்டிக் கார்ட்டிசாலைப் பெருக்குகிறது என்பதும், மிகுந்த கார்ட்டிசால் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருள்களுக்கு அக்குழாய்கள் கூடுதலாக இணங்கும்படி செய்து அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதும் பின்னால் தெளிந்தவை. ஏ.சி.டி.எச்.-க்கும் மேலிருந்து ஆணையிடும் ஹைப்போதலாமஸின் பெப்டைடை, நாற்பத்தொரு அமினோ அமிலங்கள் கொண்ட சி.ஆர்.எச். ஹார்மோனை, 1981-இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் வைலி வேல் பிரித்தறிந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தச் செல்கள் பின்மடலுக்குள்ளும் ஊடுருவிச் செல்வதைக் கண்ட குஷிங், அதுவே பின்மடலைத் தூண்டி வாசோபிரசினைப் பெருக்கி எல்லா வகை உயர் அழுத்தத்துக்கும் காரணமாகிறது என்று முடிவு கட்டியதில்தான் இடறினார். உயர் அழுத்தம் இல்லாத முதியவர்களின் பிட்யூட்டரியிலும் அவ்வூடுருவல் காணப்படும் என்பது விரைவிலேயே தெரிந்தது. உயர் அழுத்தம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் கார்ட்டிசாலும் இயல்பான அளவிலேயே இருக்கிறது. எனினும் பிட்யூட்டரிக் கட்டியை அகற்றினால் அழுத்தம் இறங்குவதைக் காட்டும் குஷிங் நோய், மூளையோடு இணைந்த ஒரு சுரப்பியின் ஹார்மோன் மனிதனில் உயர் அழுத்தத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்றாக இன்றளவும் நிற்கிறது. குஷிங் நோக்கிய திசை சரியானதே. அரிய ஒரு நோயில் மெய்யாக இருந்ததை எல்லாருக்கும் பொதுவாக்கியதே பிழை.

பின்மடலின் ஹார்மோன்கள் பின்மடலில் உருவாவதில்லை என்பதும் அக்காலத்தில்தான் மெல்ல மெல்லப் புலப்பட்டது. 1928-இல் எர்னஸ்ட் ஷாரர் சிறு நன்னீர் மீனொன்றின் ஹைப்போதலாமஸில், சுரப்பிச் செல்களைப் போல் துளிகளை உள்ளடக்கிய நரம்புச் செல்களைக் கண்டு, நரம்புச் செல்லே ஹார்மோனைச் சுரக்கக்கூடும் என்றார். மின்துடிப்பைக் கடத்துவதே நரம்பின் வேலை என்று நம்பியிருந்த அறிஞர்கள் நெடுங்காலம் அதை ஏற்கவில்லை. ஷாரரும் அவர் மனைவி பெர்ட்டா ஷாரரும் மீனிலும் பூச்சியிலும் பாலூட்டியிலும் ஆண்டுக்கணக்கில் சான்று தேடிச் சேர்த்தனர். 1949-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வொல்ஃப்காங் பார்க்மன் தனிச் சாயம் ஒன்றைக் கொண்டு, அத்துளிகள் ஹைப்போதலாமஸின் செல்களில் தோன்றி, நரம்பிழை வழியே காம்பில் இறங்கி, பின்மடலில் சேர்ந்து நிற்பதைத் தடம் பிடித்துக் காட்டிய பின்னரே ஐயம் நீங்கியது. மூளையே ஒரு சுரப்பி என்ற முடிவு அன்று நிலைபெற்றது.

இவ்வளவு அறிந்த பின்னும் வாசோபிரசினை உயர் அழுத்தத்தின் காரணம் என்று கூற முடியவில்லை. சிறுநீரைச் செறிவாக்க இரத்தத்தில் இருக்க வேண்டிய வாசோபிரசினைவிடப் பன்மடங்கு கூடுதலான அளவு செலுத்தப்பட்டால்தான் இயல்பான விலங்கில் அழுத்தம் குறிப்பிடத்தக்கவாறு ஏறுகிறது. நுரையீரல் புற்று முதலிய நோய்களால் வாசோபிரசின் தேவைக்கு மிஞ்சிச் சுரந்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும் நிலையில் உள்ளவர்களிடமும் உயர் அழுத்தம் பொதுவாகக் காணப்படுவதில்லை. 1974-இல் மிசிசிப்பியில் ஆலன் கவுலியும் ஆர்தர் கைட்டனும் நாய்களில் செய்த சோதனை இப்புதிரின் ஒரு முடிச்சை அவிழ்த்தது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை அளந்து மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் உள்ளன. அவற்றின் செய்தி மூளையை எட்டாமல் துண்டிக்கப்பட்டபோது அதே அளவு வாசோபிரசின் அழுத்தத்தை முன்னினும் பன்மடங்கு ஏற்றியது. வாசோபிரசின் ஒரு புறம் இரத்தக் குழாய்களை நேரடியாகச் சுருக்குகிறது, மறுபுறம் மூளைத் தண்டைத் தொட்டு, இதயத்தையும் குழாய்களையும் முடுக்கும் பரிவு நரம்புகளை அடங்கச் செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் அழுத்தம் பெரிதும் அசையாமல் நிற்கிறது. ஒரு ஹார்மோன் அழுத்தத்தை என்ன செய்யும் என்பதை, அது எதனால் ஆனது என்பதைவிட எங்கே சென்று செயல்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது என்னும் பாடம் இதில் அடங்கியிருந்தது.

நோரட்ரீனலினிலும் அதே பாடம் வெளிப்பட்டது. பரிவு நரம்பின் முனையில் சுரந்து குழாய்களைச் சுருக்கும் இப்பொருள் அழுத்தத்தை ஏற்றும் பொருள்களில் தலையாயது. அதன் செயலைப் போன்றதைச் செய்து மூக்கடைப்பை நீக்கும் என்ற எண்ணத்தில் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட குளோனிடின், குழாய்களைச் சுருக்கும் தன்மை உடையதாயினும், உட்கொண்டவரின் இரத்த அழுத்தத்தை இறக்கி உறக்கத்தில் ஆழ்த்தியது. வியன்னாவில் வால்டர் கோபிங்கரும் பிறரும் அதன் செயலிடம் மூளைத் தண்டே என்று காட்டினர்: நோரட்ரீனலினுக்குரிய ஒருவகை ஏற்பிகள், அதாவது ஹார்மோன் வந்து பொருந்தும் செல்லின் புரதங்கள், அங்கே தூண்டப்படும்போது பரிவு நரம்புகள் தளர்கின்றன. குழாயில் அழுத்தத்தை ஏற்றும் வேதிக்கட்டளை மூளையில் அதை இறக்குகிறது என்பது அன்றைய மருந்தியலாளர்களைத் திகைக்க வைத்தது.

வாசோபிரசினும் நோரட்ரீனலினும் இவ்வாறு இருபுறமும் இழுக்க, முழுக்க ஒருபுறமாகவே இழுக்கும் ஹார்மோன் ஒன்று சிறுநீரகத்தின் வழியே வந்து சேர்ந்தது. சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்னும் நொதி, கல்லீரல் உண்டாக்கி இரத்தத்தில் விடும் ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தை வெட்டி, மேலும் ஒரு நொதியின் துணையோடு ஆஞ்சியோடென்சின்-2 என்ற எட்டு அமினோ அமிலப் பெப்டைடைத் தோற்றுவிக்கிறது என்பதும், போனஸ் அயர்ஸிலும் இந்தியானாபோலிஸிலும் அது ஒரே காலத்தில் கண்டறியப்பட்டதும் முந்திய பகுதிகளில் கூறப்பட்டன. அது குழாயின் தசையை நேரடியாகச் சுருக்குவதால் அழுத்தம் ஏறுகிறது என்பதே 1950-களின் விளக்கம். அவ்விளக்கத்துக்குள் அடங்காத ஓர் உண்மை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நாள்பட்ட உயர் அழுத்தம் உடையவர்களில் பெரும்பாலோரிடம் இரத்தத்திலுள்ள ஆஞ்சியோடென்சின், குழாயைச் சுருக்கிவிடும் அளவுக்கு மிகுந்து காணப்படவில்லை.

1961-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் மருந்தியலாளர்கள் பிக்கர்ட்டன், ஜோசப் பக்லி ஆகிய இருவர் வெளியிட்ட சோதனை இவ்வரலாற்றின் திருப்புமுனை. மயக்க நிலையில் வைக்கப்பட்ட நாயொன்றின் தலைக்குச் செல்லும் இரத்தத்தை அதன் உடலிலிருந்து பிரித்து, இரண்டாவது நாயின் இரத்தம் முதல் நாயின் தலைக்குள் சுழன்று திரும்பும்படி அவர்கள் குழாய்களை இணைத்தனர். இவ்வாறு முதல் நாயின் தலைக்கும் உடலுக்கும் இடையே இரத்த வழித் தொடர்பு அறுந்து, நரம்புத் தொடர்பு மட்டும் எஞ்சியது. அத்தலைக்குச் செல்லும் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் செலுத்தப்பட்டபோது, அம்மருந்தின் துளியும் எட்டாத முதல் நாயின் உடலில் இரத்த அழுத்தம் ஏறியது. தலையிலிருந்து உடலுக்குச் சென்றது நரம்பின் ஆணை ஒன்றே. ஆகவே ஆஞ்சியோடென்சின் மூளையைத் தொட்டு, மூளை பரிவு நரம்புகளை முடுக்கி, அவை குழாய்களைச் சுருக்கின என்பதைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடமில்லை. வினாவை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்து விடை காணும் தெளிவு இச்சோதனைக்கு உண்டு. உடலியங்கியலின் சிறந்த சோதனைகளோடு வைத்து எண்ணத்தக்க இதற்கு, கோல்ட்பிளாட்டின் கவ்விக்குக் கிடைத்த புகழில் சிறு பங்கும் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

லண்டனில் ஜான் டிக்கின்சன் இதை நாள்பட்ட நோயின் பக்கம் கொண்டுசென்றார். முதலில் அழுத்தத்தை அசைக்கவே போதாத மிகச் சிறு அளவு ஆஞ்சியோடென்சினை விழித்திருக்கும் முயல்களுக்கு இடைவிடாது செலுத்தினால், நாள்கள் செல்லச் செல்ல அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது என்று அவரும் அவருடைய துணையாளரும் 1963-இல் அறிவித்தனர். மூளைத் தண்டுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முதுகெலும்புத் தமனிக்குள் அதைச் செலுத்தியபோது விளைவு இன்னும் எளிதில் கிட்டியது. உடலில் மிகுதியாகத் தோன்றாத ஒரு ஹார்மோன், நெடுநாள் மூளையைச் சீண்டுவதன் மூலம் உயர் அழுத்தத்தை நிலைக்கச் செய்யலாம் என்ற கருத்துக்கு அன்று அடித்தளம் விழுந்தது.

இங்கே ஒரு தடை குறுக்கிட்டது. மூளையின் நுண்குழாய்களின் சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி, இரத்தத்திலுள்ள பெரும்பாலான பொருள்களை மூளைத் திசுவுக்குள் விடாமல் தடுக்கின்றன. இதுவே இரத்த–மூளைத் தடுப்பு எனப்படுவது. ஆஞ்சியோடென்சின் போன்ற பெப்டைடு அதைக் கடக்க இயலாது. கடக்காமலே மூளையைத் தொடுவதற்கு இடங்கள் உண்டு என்பதை 1970-களின் ஆய்வுகள் காட்டின. மூளையின் உட்குழிகளாகிய நீரறைகளின் ஓரத்தில், இத்தடுப்பு இல்லாத சில சிறு பகுதிகள் இருக்கின்றன: மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியாகிய முகுளத்தின் பின்புறத்தில் ஏரியா போஸ்ட்ரீமா, மூன்றாம் நீரறையின் மேல்விளிம்பில் சப்ஃபார்னிக்கல் உறுப்பு, அதன் கீழ்முன் விளிம்பில் மற்றொன்று. இரத்தத்தில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று மூளை அறிந்துகொள்வது இவற்றின் வழியே. 1970-இல் எப்ஸ்டைன், ஃபிட்ஸ்சைமன்ஸ், ரோல்ஸ் ஆகியோர் எலியின் மூளைக்குள் ஆஞ்சியோடென்சினைச் சிறிதளவு செலுத்தியபோது, நீர் வேட்கை சற்றும் இல்லாதிருந்த எலிகள் உடனே நீர் அருந்தத் தொடங்கின. அவ்வேட்கையைத் தூண்டும் இடம் சப்ஃபார்னிக்கல் உறுப்பு என்று 1973-இல் சிம்ப்சனும் ரவுட்டன்பெர்க்கும் காட்டினர். மூன்றாம் நீரறையின் கீழ்முன் பகுதித் திசுவை முன்கூட்டியே அழித்துவிட்டால், கோல்ட்பிளாட் முறையில் சிறுநீரகத் தமனியை நெரித்தாலும் எலிக்கு உயர் அழுத்தம் வராது என்று 1977-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிராடி, ஆலன் ஜான்சன் ஆகியோரின் குழு நிறுவியபோது, 1934-இன் இரு விடைகளும் ஒன்றில் ஒன்று வந்து கூடின. சிறுநீரகம் தொடங்கிவைக்கும் உயர் அழுத்தத்துக்கும் மூளையின் ஒரு சிறு துண்டு இன்றியமையாதது என்று ஆயிற்று.

அவ்வுறுப்புகளிலிருந்து செய்தி செல்லும் வழியும் படிப்படியாகத் தெளிவடைந்தது. ஹைப்போதலாமஸில் மூன்றாம் நீரறையை ஒட்டியுள்ள பாராவென்ட்ரிக்குலர் முடிச்சே அவ்வழியின் கூடல். அங்குள்ள செல்களில் ஒரு சாரார் வாசோபிரசினையும் ஆக்சிடோசினையும் பின்மடலுக்கு அனுப்புகின்றனர். மற்றொரு சாரார் சி.ஆர்.எச்.-ஐச் சுரந்து கார்ட்டிசாலை எழுப்புகின்றனர். மூன்றாம் சாரார் தம் நரம்பிழைகளை முகுளத்தின் முன்பக்க மேற்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் நேரே நீட்டி, பரிவு நரம்புகளின் முடுக்கத்தை ஏற்றி இறக்குகின்றனர். நீரைத் தேக்குதல், நெருக்கடிக்கு உடலை ஆயத்தப்படுத்துதல், குழாயைச் சுருக்குதல் ஆகிய மூன்று பணிகளும் ஓரிடத்தில் அமைந்திருப்பது தற்செயலன்று. குருதி இழந்து சோர்ந்த விலங்கின் உயிரைக் காக்க மூன்றும் ஒருசேர வேண்டியிருக்கும். குருதி இழக்காத உடலில் அதே ஏற்பாடு ஓயாது இயங்குமானால், அதுவே நோய்.

இதற்கிடையே 1971-இல் எதிர்பாராத செய்தி ஒன்று இரண்டு இடங்களிலிருந்து வந்தது. மான்ட்ரியலில் ஜாக் ஜெனே தலைமையிலான ஆய்வகத்தில் பணியாற்றிய டெட்லெவ் கான்டன் முதலியோரும், போனஸ் அயர்ஸில் ஃபிஷர்-ஃபெராரோ முதலியோரும், மூளைத் திசுவுக்குள்ளேயே ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் நொதி இருப்பதாக அறிவித்தனர். அப்படியானால் மூளை இரத்தத்தின் ஆஞ்சியோடென்சினுக்குச் செவிசாய்ப்பதோடு நில்லாமல், தனக்கென ஒரு தனி ஆஞ்சியோடென்சின் அமைப்பையும் வைத்திருக்கிறது. கியோட்டோவில் ஒகமோட்டோவும் அயோகியும் 1963-இல் உருவாக்கிய, பிறவியிலேயே உயர் அழுத்தம் கொள்ளும் எலியினம் இக்கருத்தைச் சோதிக்க உதவியது. அவ்வெலிகளின் இரத்தத்தில் ரெனின் மிகுதியில்லை. எனினும் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகளை அவற்றின் மூளை நீரறைக்குள் செலுத்தினால் அழுத்தம் இறங்கியது. 1990-இல் சுண்டெலியின் ரெனின் மரபணு ஒன்றைப் பெற்று வளர்ந்த எலிகள், இரத்தத்தில் ரெனின் குறைந்திருந்தும், கடுமையான உயர் அழுத்தத்துக்கு உள்ளாயின. மூளையின் துணைச் செல்களில் மட்டும் ஆஞ்சியோடென்சினோஜென் உருவாவதைத் தடுத்து வளர்க்கப்பட்ட எலிகளில் இதன் மறுதலையை 1999-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டனர்: மூளையில் அப்புரதம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்த அவ்வெலிகளின் மேலழுத்தம் 8 மி.மீ. பாதரச அளவு தாழ்ந்திருந்தது. வாசோபிரசினும் குறைந்து, அவை நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்தன. மூளையின் ஒரு ஹார்மோன் மற்றொன்றை ஆள்வதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ஆயினும் ஐயம் அகலவில்லை. மூளையில் ரெனின் எனப்பட்டது வேறொரு பொது நொதியாகிய கதெப்சின்-டி ஆக இருக்கலாம் என்ற மறுப்பு 1970-களிலேயே எழுந்தது. 2017-இல், ராட்டர்டாமில் ஏ. எச். ஜே. டான்சரின் குழு, மூளைத் திசுவில் அளவிடப்படும் ரெனின், அத்திசுவில் சிக்கியிருக்கும் இரத்தத்திலுள்ள ரெனின் அளவைத் தாண்டவில்லை என்று கூறி, மூளைக்குத் தனி ரெனின் அமைப்பு உண்டா என்ற வினாவையே மீண்டும் எழுப்பியது. ஆஞ்சியோடென்சின் ஏற்பிகள் மூளையில் உள்ளன, அவை தூண்டப்பட்டால் அழுத்தம் ஏறுகிறது என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. அவற்றைத் தூண்டும் பெப்டைடு எங்கே பிறக்கிறது என்பதிலேயே வழக்கு. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு பொருளின் இருப்பே வழக்கில் நிற்பது, மூளையில் மிக நுண்ணிய அளவில் உள்ளவற்றை அளப்பது எத்துணை அரிது என்பதைக் காட்டுகிறது.

உப்பைப் பற்றிய ஆய்விலும் அதே அருமை இடறலாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால், உப்புண்டால் உயர் அழுத்தம் கொள்ளும் எலியினத்தையும் கொள்ளாத இனத்தையும் பிரித்து வளர்த்து, இரு வகை எலிகளையும் குருதி கலக்குமாறு உடலோடு உடல் சேர்த்துத் தைத்தபோது, உப்பைத் தாங்கும் எலிக்கும் அழுத்தம் ஏறியது. இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் கடந்து செல்கிறது. அது ஹைப்போதலாமஸில் உருவாகும், செல்லின் சோடியத்தை வெளியேற்றும் இறைப்பானை முடக்கும் பொருளாக இருக்கலாம் என்று லண்டனில் ஹியூ டி வார்டனரும் கிரகாம் மெக்கிரிகரும் 1980-இல் முன்மொழிந்தனர். ஆப்பிரிக்க வேடர்கள் அம்பில் தடவிய நஞ்சாகிய ஊபெய்ன் அவ்விறைப்பானை முடக்குவது. அதே பொருள் மனித இரத்தத்திலேயே இருப்பதாக 1991-இல் மேரிலாந்தில் ஜான் ஹாம்லின் முதலியோர் அறிவித்தது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஒட்டாவாவில் ஃபிரான்ஸ் லீனன், அப்பொருளைப் பிணைத்து முடக்கும் எதிர்ப்புரதத் துண்டுகளை எலியின் மூளை நீரறைக்குள் செலுத்தி, உப்பால் வரும் உயர் அழுத்தத்தைத் தடுத்துக் காட்டினார். ஆனால் மிக நுட்பமான பகுப்பாய்வுக் கருவிகள் கொண்டு 2014-இல் தேடியவர்கள் மனித இரத்தத்தில் ஊபெய்னைக் காணவில்லை. மூளைக்குள் உப்பு உணரப்படுகிறது, உணர்ந்த மூளை பரிவு நரம்பை முடுக்குகிறது என்ற அளவு உறுதியானது. இடையிலுள்ள தூதுப் பொருளின் அடையாளம் நழுவிக்கொண்டே இருக்கிறது.

இவ்வாராய்ச்சிகள் அனைத்தும் நோயாளிக்கு என்ன தந்தன என்று கேட்பது முறையே. பாரிஸில், கொலேஜ் த பிரான்ஸில், கேத்தரின் லோரன்-கோர்த்தேஸ் இக்கேள்வியையே வாழ்நாள் பணியாகக் கொண்டார். மூளையில் ஆஞ்சியோடென்சின்-2 அமினோபெப்டிடேஸ்-ஏ என்னும் நொதியால் ஓர் அமினோ அமிலம் குறைந்து ஆஞ்சியோடென்சின்-3 ஆகிறது. மூளையில் அழுத்தத்தை ஏற்றுவதும் வாசோபிரசினை வெளிவிடுவதும் பெரிதும் இந்த மூன்றாம் வடிவமே என்று 1990-களில் அவர் குழு காட்டியது. அந்நொதியை முடக்கும் மருந்து மூளைக்குள் நுழைய வேண்டுமே என்பதற்காக, இரு மூலக்கூறுகளைக் கந்தகப் பிணைப்பால் இணைத்து, தடுப்பைக் கடந்தபின் மூளைக்குள் பிரிந்து செயல்படுமாறு 2004-இல் வடிவமைக்கப்பட்டதே பின்னர் ஃபிரிபாஸ்டாட் என்று பெயர் பெற்றது. 2019-இல் வெளியான ஆய்வில், உடல் பருமனுடைய 256 உயர் அழுத்த நோயாளிகள் எட்டு வாரம் அதை உட்கொண்டபோது மேலழுத்தம் சராசரியாக 9.5 மி.மீ. இறங்கியது. ஆனால் அவ்வாய்வில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து உண்ட குழு எதுவும் இருக்கவில்லை. பல மருந்துகளுக்கும் அடங்காத உயர் அழுத்தம் உடையவர்களிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2022-இல் தோல்வியில் முடிந்தது. தோற்றது அந்த மருந்தா, அதற்குப் பின்னிருந்த கருத்தா என்பதை அந்த ஒரே ஆய்வைக் கொண்டு தீர்ப்பது அவசரமாகும். எலியின் மூளையில் நாற்பது ஆண்டுகள் சேர்ந்த சான்றுகளை அது அழித்துவிடவில்லை, மனிதனுக்கும் அவை அப்படியே பொருந்தும் என்ற நம்பிக்கையைத்தான் அது தளர்த்தியிருக்கிறது.

மூளைக்குள் மருந்தை நுழைப்பதைவிட, மூளையின் ஆணை வெளியேறும் நரம்பைத் துண்டிப்பது எளிது என்று கருதியவர்களின் வழி இதற்கிடையே முன்னேறிவிட்டது. சிறுநீரகத் தமனிக்குள் நுண்குழலைச் செலுத்தி அதன் சுவரிலுள்ள பரிவு நரம்புகளைச் சுடும் இரண்டு கருவிகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அந்நரம்புகள் மூளையின் ஆணையைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுசெல்வதோடு, சிறுநீரகத்தின் செய்தியை மூளைக்கு ஏற்றிச் செல்பவையும் ஆகும். 1930-களில் முதுகைத் திறந்து நரம்பு முடிச்சுகளை அகற்றிய அறுவை மருத்துவர்களிடமிருந்து அந்நுண்குழல் வரை வந்த வழி அடுத்த பகுதியில் கூறப்படும்.